யூ மரக் கட்டையில் கணு இருந்தால் என்ன செய்வது? நெடுவில் செதுக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நான் செதுக்கிய முதல் நெடுவில் 24 அங்குலம் இழுத்தபோது ஒடிந்துபோனது. வில்லின் மேல் பாதியின் நடுவில் கட்டைவிரல் நகத்தின் அளவே இருந்த ஒரு கணுவின் ஓரத்தில்தான் ஒடிவு தொடங்கியிருந்தது. முதுகுப்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், அந்தக் கணுவின் மேட்டை இழைப்புளியால் தட்டையாக்கியிருந்தேன். நான்கு மாத வார இறுதிகளும், நல்ல விலை கொடுத்து வாங்கிய கட்டையும் அன்றோடு வீணாயின. இரண்டாவது கட்டையில் அதைவிட அதிகமான கணுக்கள் இருந்தன. ஆனாலும் அந்த வில் மூன்றாண்டுகளாக உடையாமல் அம்பு எய்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இருந்துகொண்டு, யூ (yew) என்னும் ஊசியிலை மரத்தில், ஏறத்தாழ 50 பவுண்டு இழுவிசையுள்ள (முழுதாக இழுக்க அவ்வளவு விசை வேண்டிய) நெடுவில், அதாவது ஆளுயர வில் (longbow), செய்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். சொற்களை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். எய்பவரிடமிருந்து விலகி, இலக்கை நோக்கி இருக்கும் பக்கம் வில்லின் முதுகு. எய்பவரை நோக்கி இருக்கும் பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளைக் கைகள் என்கிறேன். யூ மரத்தில் பட்டைக்கு அடுத்த வெளிர்நிற மரம் வெள்ளை. உள்ளே இருக்கும் செம்பழுப்பு மரம் வைரம். முதுகு வெள்ளையாலும் வயிறு வைரத்தாலும் அமைவதே யூ வில்லின் சிறப்பு.

1. மரத்தில் கை வைக்கும் முன் அனுமதியை உறுதிசெய்யுங்கள்

தெரிந்தவர் தோட்டத்தில் நிற்கும் யூ மரத்தை வெட்டித் தருவதாகச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்த மரத்திற்கு மரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்று உள்ளூராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் முதலில் கேளுங்கள். ஆணை இருந்தால் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது. ஆணை இல்லாவிட்டாலும், இடம் பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் வந்து, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், மன்றத்திற்கு ஆறு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். தேவாலய வளாகத்து யூ மரங்களுக்குத் திருச்சபையின் அனுமதியும் வேண்டும். பங்குக் குருவானவர் வாய்மொழியாகச் சரி என்று சொல்வது போதாது.

தோட்டத்து மரங்களுக்கு வெட்டு உரிமம் தேவையில்லை. தனியார் காட்டு நிலம் என்றால், உரிமையாளர் மூன்று மாதக் காலாண்டு ஒன்றில் 5 கன மீட்டர் வரை உரிமம் இல்லாமல் வெட்டலாம். ஆனால் அதில் 2 கன மீட்டருக்கு மேல் விற்கக்கூடாது. நமக்கு வேண்டியது இந்த அளவில் ஒரு சிறு பங்குதான் என்றாலும், உரிமையாளரின் சம்மதத்தையும் வெட்டிய தேதியையும் ஒரு தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி பிறகு உலர்த்தும் காலத்தைக் கணக்கிடவும் உதவும்.

2. வாங்கும்போதே கணுக்களைப் படித்துவிடுங்கள்

கணு இல்லாத யூ கட்டை கிடைக்கும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பீர்கள். இந்த மரம் அடிமரமெங்கும் சிறு துளிர்களை விடுவதால் ஊசிமுனை அளவுக் கணுக்கள் ஏராளமாக இருக்கும். எனவே கணு உண்டா என்று கேட்பதில் பயனில்லை. அது எந்த வகைக் கணு, எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உயிரோடு இருந்த கிளையின் கணு சுற்றியுள்ள மரத்தோடு ஒட்டிப் பிணைந்திருக்கும். நார்கள் இடைவெளியின்றி அதைச் சுற்றி ஓடும். நெடுநாள் முன்பே பட்டுப்போன கிளையின் கணுவைச் சுற்றி ஒரு கருவளையம் தெரியும். அது மரத்துக்குள் புதைந்த பட்டை. அந்தக் கணு கட்டைக்குள் அடித்த முளைபோலத் தனியாக நிற்குமே தவிர, எதையும் தாங்காது. பேனாக்கத்தியின் முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால் உள்ளே அழுகல் இருக்கிறது.

கைப்பிடிப் பகுதியில் வரும் கணுவால் பெரிய தொல்லை இல்லை. கையின் நடுக்கோட்டில், இருபுறமும் போதுமான மரத்தோடு இருக்கும் கணுவைச் சமாளித்துவிடலாம். வில்லின் ஓரத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வெட்டுப்படும் கணுதான் ஆபத்து. அப்படி அமைவதைத் தவிர வேறு வழியே இல்லாத கட்டையை, விலை பாதியாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

படங்களைப் பார்த்து வாங்குவதானால் நான்கு பக்கங்களின் படத்தையும், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். எனக்கு முதல் கட்டையை விற்றவர் முதுகின் படத்தை மட்டுமே அனுப்பினார். பட்டையை உரித்தபோதுதான் அதன்கீழ் மூன்று கணுக்கள் ஒரே வரிசையில் இருந்தது தெரிந்தது. பட்டையின் மேல் சிறு சுழியோ மடிப்போ தெரிந்தால், அடியில் கணு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. செலவும் காலமும்

இரண்டாவது வில்லுக்கு நான் செலவிட்டது இது: உலர்ந்த கட்டைக்கு 130 பவுண்டு, பழைய இழுப்புக் கத்தி (இரு கைகளாலும் தன் பக்கம் இழுத்துச் சீவும் கத்தி), அரங்கள், சுரண்டு தகடு, இழுவிசை காட்டும் தொங்கு தராசு ஆகியவற்றுக்கு எல்லாமாக 95 பவுண்டு, நாண் மாட்டும் கொம்பு முனைகள், நாண் நூல், பசை, எண்ணெய் ஆகியவற்றுக்கு 40 பவுண்டுக்குச் சற்று மேல். கருவிகள் அடுத்த வில்லுக்கும் உதவும். கட்டைதான் திரும்பி வராது. அதனால் பணத்தைக் கருவியில் மிச்சம் பிடியுங்கள், கட்டையில் பிடிக்காதீர்கள்.

பச்சை மரமாக வாங்கினால் அன்றே இரு முனைகளிலும் பி.வி.ஏ. என்னும் வெள்ளை மரப்பசையையோ பெயின்ட்டையோ தடிப்பாகப் பூசுங்கள். கணுக்களில் வெட்டுப்பட்ட முகங்களுக்கும் பூச மறந்துவிடாதீர்கள். உலரும்போது வெடிப்பு முனைகளில் வருவதைப்போலவே கணுவிலும் வரும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. கட்டையின் எடையை மாதம் ஒருமுறை குறித்து வந்து, எடை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்குவது இதைவிட நம்பகமானது. செதுக்கும் வேலைக்கு எனக்கு ஏறக்குறைய 45 மணி நேரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் கணுக்களைச் சுற்றியே கழிந்தது.

யூ மரத்தின் மரத்தூள் நச்சுத்தன்மை உடையது. தூசு முகமூடி இல்லாமல் அரம் போடவோ உப்புத்தாள் தேய்க்கவோ வேண்டாம். சீவல்களைக் கூட்டி அள்ளி, குதிரையும் ஆடுமாடும் அண்டாத இடத்தில் அகற்றுங்கள்.

4. கோடு போடும்போதே கணுவுக்கு இடம் விடுங்கள்

கட்டையின் முதுகில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, இரு முனைகளும் கைப்பிடியின் நடுவும் அந்த நூலின் கீழ் வருமாறு அமையுங்கள். இவற்றுக்கு இடையே நீங்கள் வரையும் நடுக்கோடு நூலோடு ஒட்டி நேராக ஓட வேண்டியதில்லை. நார் எப்படி ஓடுகிறதோ அப்படியே பாம்புபோல் வளைந்து போகட்டும். நாரைக் குறுக்கே அறுத்து நேர்க்கோடு போடுவதைவிட, வளைந்த வில்லே வலிமையானது.

ஓரத்தில் வரப்போகும் கணுவை, கோட்டை ஐந்தாறு மில்லிமீட்டர் நகர்த்தி, முழுவதும் வெளியே தள்ளிவிட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் முழுவதும் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே வந்த கணுவை நான் வெற்றிடமாகவே கணக்கிடுகிறேன். கை அந்த இடத்தில் 30 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், கணு 8 மில்லிமீட்டர் என்றால், அங்கே 38 மில்லிமீட்டர் அகலம் விடுங்கள். அந்த அகலம் சட்டென்று புடைக்காமல், கணுவுக்கு முன்னும் பின்னும் நான்கைந்து சென்டிமீட்டரில் மெல்ல விரிந்து மெல்லக் குறுகட்டும்.

போட்டிகளில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் வில்வித்தை அமைப்பான ஆர்ச்சரி ஜிபியின் விதிப்படி நெடுவில்லின் தடிமன் எந்த இடத்திலும் அங்குள்ள அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது. கணுவுக்காக 38 மில்லிமீட்டர் அகலம் விட்ட இடத்தில் தடிமன் 24 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உங்கள் வில்லை நெடுவில் வகையில் ஏற்க மறுத்துவிடலாம். அகலத்தைக் கூட்டும்போது தடிமனையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

5. முதுகு: மேட்டை மேடாகவே விடுங்கள்

நான் முதல் வில்லை இழந்தது இந்தப் படியில்தான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

கிளை தோன்றும் இடத்தில் அடிமரத்தின் நார்கள் ஆற்றுப் பாறையைச் சுற்றி ஓடும் நீர்போல இருபுறமும் பிரிந்து, கணுவைக் கடந்ததும் மீண்டும் கூடுகின்றன. அதே இடத்தில் அவை மேல்நோக்கியும் எழும்பிக் கிளைக்குள் புகுகின்றன. அதனால் பட்டையை உரித்த கட்டையில் கணு ஒரு சிறு குன்றுபோல் நிற்கும். அந்தக் குன்றைத் தட்டையாக்கும்போது மேலேறி இறங்கும் நார்கள் அத்தனையும் அறுபடுகின்றன. வில்லை வளைத்தால் முதுகில் விழும் இழுப்பு அறுபட்ட நாரின் நுனியைத் தூக்கும். அந்தச் சிலும்பு உரிந்துகொண்டே போய் வில் ஒடியும். இதில் கணுவின் அளவு பெரிதல்ல. அறுபட்ட நார்கள் கையின் அகலத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே கணக்கு.

1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் விற்கள் போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் கணுக்களைச் சுற்றி மரம் மேடாக விடப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கினால், மேட்டைச் சீவும் ஆசை உங்களுக்கு வராது.

வெள்ளை மெல்லியதாக இருந்தால் பட்டையை மட்டும் உரித்து, முதுகை அப்படியே விட்டுவிடுவது மிகப் பாதுகாப்பானது. என் கட்டையில் வெள்ளை 20 மில்லிமீட்டர் இருந்ததால் அதை ஏழெட்டு மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டியிருந்தது. கணு இல்லாத இடங்களில் இழுப்புக் கத்தியால் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வாருங்கள். கணு மேடு தொடங்குவதற்கு மூன்று சென்டிமீட்டர் முன்பே கத்தியை நிறுத்திவிடுங்கள். இழுப்புக் கத்தி மேட்டின் அடிவாரத்தில் நாருக்குள் புகுந்தால், கணுவையே பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

மேட்டைச் சுற்றிய வேலை முழுவதும் அரை வட்ட அரத்துக்கும் சுரண்டு தகட்டுக்கும் உரியது. ஈரத் துணியால் அந்த இடத்தை ஒருமுறை துடையுங்கள். நனைந்த மரத்தில் வளையக் கோடுகள் கருமையாகத் தெளிந்து தெரியும். கணுவைச் சுற்றி அவை வரைபடத்தில் மலையைக் காட்டும் கோடுகள்போல ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்திருக்கும். பென்சிலால் அந்தக் கோடுகளின்மேல் வரைந்துகொள்ளுங்கள். பிறகு மேட்டின் உச்சியிலிருந்து அடிவாரத்தை நோக்கி, சரிவில் இறங்கும் திசையில் மட்டும் சுரண்டுங்கள். வில்லின் கை முழுவதும் முதுகின் மேற்பரப்பாக எந்த வளையம் இருக்கிறதோ, அதே வளையம் கணுவின்மேலும் ஏறி இறங்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மீண்டும் நனைத்து, கோடுகள் எப்படி மாறியிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு கணுவுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குக் குறைந்து முடித்த கணுக்களை மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைக் கூடுதலாகச் சுரண்டியிருந்தேன்.

ஊசிமுனைக் கணுக்கள் தனித்தனியாக இருந்தால் சிறு பருபோல் நிற்கட்டும். கொத்தாக இருந்தால் கொத்து முழுவதையும் ஒரே கணுவாகக் கருதி, சுற்றிலும் ஒரே மேடு விடுங்கள்.

6. வயிற்றுப்புறத்தையும் மறக்காதீர்கள்

முதுகைப் பற்றிய எச்சரிக்கைகளைப் படித்தவர்கள்கூட வயிற்றைத் தட்டையாகச் சீவிவிடுகிறார்கள். வயிற்றுப்புறத்தில் கணு சுற்றியுள்ள மரத்தைவிடக் கெட்டியாக இருக்கும். சுரண்டு தகடு கணுவின்மேல் வழுக்கிக்கொண்டு போய், அதற்கு முன்னும் பின்னும் உள்ள மென்மையான மரத்தைக் கூடுதலாக அள்ளிவிடும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும். ஆனால் விரலால் தடவினால் கணுவின் இரு பக்கமும் சிறு பள்ளம் தட்டுப்படும். வில் வளையும்போது முழு வளைவும் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து, கை கதவுக் கீல்போல அங்கே மடியத் தொடங்கும்.

எனவே வயிற்றிலும் கணுவைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை மரத்தைக் கூடுதலாக விடுங்கள். முதுகிலிருந்து வயிறு வரை ஊடுருவிப் போகும் கணுவானால் இரு பக்கமும் மேடு இருக்கும். பார்வைக்கு அந்த இடம் ஒரு பாம்பு இரை விழுங்கியதுபோல் தோன்றும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

7. அழுகிய கணுவும் ஓட்டையும்

கத்தி முனையால் அழுகலை முழுவதும் தோண்டி எடுத்து, கெட்டியான மரம் தென்படும் வரை சுத்தம் செய்யுங்கள். தண்ணீர்போல ஓடும் மெல்லிய சூப்பர் க்ளூவைச் சில சொட்டுகள் விட்டால் தளர்ந்த ஓரங்கள் இறுகும். அது காய்ந்த பிறகு, யூ மரத்தூளை எபாக்ஸியில் குழைத்து ஓட்டையை நிரப்புங்கள்.

நிரப்பிய பசை வயிற்றுப்புறத்தில் நெருக்கத்தை ஓரளவு தாங்கும். முதுகில் அது எந்த இழுப்பையும் தாங்காது. தண்ணீர் புகாமல் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஓட்டையை நிரப்பிவிட்டோம் என்ற நம்பிக்கையில், அதற்காக விட்டு வைத்த அகலத்தைக் குறைப்பது பலரும் செய்யும் தவறு.

கணுவின் ஓரத்தில் மயிரிழை அளவில் ஒரு சிலும்பு எழும்பியிருந்தால், அதன்கீழ் மெல்லிய சூப்பர் க்ளூவை ஓடவிட்டு, மேலே லினன் நூலை நெருக்கமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்றிக் கட்டுங்கள். இது சிலும்பு மேலும் உரியாமல் தடுக்கும். குறுக்கே ஓடும் வெடிப்பை எந்தக் கட்டும் காப்பாற்றாது.

8. வளைவைச் சீராக்கும்போது கணுவுக்கு விலக்கு கொடுங்கள்

வில்லைச் சுவரில் பொருத்திய தாங்கியில் வைத்து, கயிறும் கப்பியும் கொண்டு இழுத்துத் தூர நின்று பாருங்கள். கணு உள்ள இடம் சற்று நேராக, வளையாமல் தெரியும். புதியவர்கள் அங்கே மரத்தைக் குறைத்து வளைவை அழகாக்கப் பார்ப்பார்கள். அழகாகும் அந்த நேரத்தில்தான் வில் ஒடியும். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான மரத்துண்டின் நடுவே ஒரு பென்சிலைச் செருகி வயிற்றின்மேல் நகர்த்தினால், வளையாத இடங்களில் பென்சில் கோடு போடும். கணுவின்மேல் விழும் கோட்டை அழித்துவிட்டு, மற்ற இடங்களில் விழும் கோடுகளை மட்டும் சுரண்டுங்கள்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் 20 முதல் 30 தடவை மெல்ல இழுத்து விடுங்கள். சுரண்டியதன் விளைவு அதன் பிறகுதான் முழுதாகத் தெரியும். தராசு 50 பவுண்டைக் காட்டியதும் அங்கேயே நிறுத்துங்கள். இழுவை 20 அங்குலம்தான் வந்திருக்கிறது என்றாலும் அதைத் தாண்டி இழுக்காதீர்கள்; மரத்தைக் குறைத்த பின்னரே அடுத்த அரை அங்குலம்.

இழுவையை ஒவ்வோர் அங்குலம் கூட்டும்போதும் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். ஒரு பஞ்சு உருண்டையை முதுகில் கணுவின்மேல் இரு திசையிலும் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலும்பும் பஞ்சின் இழையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை வில்லின் கையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து வயிற்றைப் பாருங்கள். கணுவின் அருகே குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடு தெரிந்தால் அங்கே மரம் நசுங்கத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தை மேலும் தொடாமல், கையின் மற்றப் பகுதிகளைக் குறைத்து வளைவை அங்கே மாற்றுங்கள். இழுவிசை ஐந்து பவுண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

9. மெருகும் பிந்தைய கவனிப்பும்

கணு மேடுகளை உப்புத்தாளால் தேய்க்கும்போது தாளை மரத்துண்டில் சுற்றாமல் விரலில் சுற்றித் தேயுங்கள். மரத்துண்டு மேட்டின் உச்சியை மழுக்கிவிடும். ஆளிவிதை எண்ணெயை மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து வெளியே உலர்த்திய பிறகு எறியுங்கள்.

இங்கிலாந்தில் வில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் வில்லால் விலங்குகளை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். சங்கத்தின் மைதானத்தில் எய்யும் முன் வில்லை அங்குள்ள பயிற்சியாளரிடம் காட்டுங்கள். கணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன, எதில் பசை நிரப்பியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். முதல் நூறு அம்புகள் வரை ஒவ்வொரு பத்து அம்புக்கும் பஞ்சுச் சோதனையைச் செய்யுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு முறை நாணேற்றும் முன்பும் ஒரு தடவை போதும். பஞ்சு முன்பு சிக்காத இடத்தில் சிக்கினால் அன்று அந்த வில்லை வளைக்காதீர்கள்.